முடிச்சு முன்னால் இருக்கட்டும்

"சீக்காளிக்கு இன்னாடி வெக்கம்?"

திண்டிவனம் ரோட்டில் இருக்கிற தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில், வார்டு ஆயாவாக வேலை பார்க்கும் தைலம்மாள் ஒருநாள் அன்புக்கரசியைப் பார்த்து இப்படிக் கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. துணிக்கட்டை அவிழ்த்து, கவுன்களை அலமாரியில் அடுக்கப் போய்விட்டாள்.

காந்தி பஜாருக்குப் பின்னால் ஜெயஸ்ரீயின் தையல் கூடத்தில் அன்புக்கரசி சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்த சமயம் அது. மாடியில் ஆறு மிஷின். ரவிக்கை, பள்ளிக்கூடச் சீருடை, அப்புறம் அந்த ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறையும் நோயாளிகள் போட்டுக்கொள்ளும் பச்சைக் கவுனும். கவுன் தைப்பதில் ஒரு வித்தையும் கிடையாது. முன்பக்கம் ஒரே துண்டு, பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை திறப்பு, கழுத்தில் ஒரு நாடா, இடுப்பில் ஒரு நாடா. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் நாற்பது ஓட்டிவிடலாம். அப்படி ஓட்டிய கட்டைக் கொண்டுபோய் இறக்கிய அன்றைக்குத்தான், யாரிடமும் வாய் திறக்காத அன்புக்கரசி, என்ன தோன்றியதோ, "பின்னாடி ஏன் ஆயாம்மா தொறந்தே இருக்குது?" என்று கேட்டுவிட்டாள். அதற்கு வந்த பதில்தான் தைலம்மாளின் கேள்வி.

அன்புக்கரசிக்கு வயசு பதினேழு. பதினோராம் வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வகுப்பே சிரித்தது. நான்காம் நாளிலிருந்து பள்ளிக்கூடத்துப் பக்கம் அவள் போகவில்லை. பேச வேண்டிய இடங்களுக்குப் போகாமலே இருந்துவிட்டால் காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விழுங்கியதையெல்லாம் பழைய கணக்கு நோட்டின் மீதிப் பக்கங்களில் எழுதி அரிசி டிரம்முக்கு அடியில் வைப்பாள். தைலம்மாளின் கேள்வியையும் எழுதினாள். அதற்குக் கீழே என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பக்கத்தை அப்படியே விட்டுவிட்டாள்.

அந்த வீட்டில் அவளுக்கும் சேர்த்துப் பேசுகிறவள் அம்மா தனகோட்டி. அனந்தபுரத்துக்குப் பக்கத்து ஊர். நடவோ, களையோ, நிலக்கடலை பிடுங்குவதோ, எந்த வேலை என்றாலும் பத்துப் பெண்களைத் திரட்டிக்கொண்டு முன்னால் நடப்பாள். நிலத்துக்காரர் ரங்கநாதன் ஒருமுறை வரப்பில் நின்றுகொண்டு "ஏய், வாங்கடி" என்று கூப்பிட்டார். "எங்களுக்குப் பேரு வெச்சிருக்காங்க. பேரச் சொல்லிக் கூப்டுங்க. இல்லனா உங்க மல்லாட்டைய நீங்களே புடுங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டு, பத்துப் பேரையும் கரையேற்றிக்கொண்டு வந்துவிட்டாள் தனகோட்டி. மறுநாள் அவர் ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

அப்படிப்பட்டவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாசத்தில் பதினைந்து நாள் ரத்தப்போக்கு. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, ஆபரேஷனுக்கு நாள் குறித்து, அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

பச்சைக் கவுனைக் கையில் கொடுத்ததும் தனகோட்டி நம் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் செய்வதைத்தான் செய்தாள். திறப்பை முன்பக்கம் வைத்து நைட்டி மாதிரி மாட்டி, நாடாவை முடிந்து, மார்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டாள். நைட்டியும் மேலே துண்டும் இருந்தால் ரேஷன் கடை வரைக்கும் போய்வரலாம். ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஏன் ஆகாது? தைலம்மாள் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வரவங்க எல்லாம் இதே கூத்து! தொறப்பு பின்னாடிம்மா, பின்னாடி."

துண்டை உருவிக் கட்டிலில் எறிந்து, கவுனைத் திருப்பி மாட்டி, கழுத்து நாடாவை முடிந்துவிட்டாள். இடுப்பு நாடா ஒரு பக்கம் அறுந்து கிடந்தது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அங்கே வார்டு ஒரு கோடி, ஆபரேஷன் தியேட்டர் மறுகோடி. நடுவில் ஓ.பி. சீட்டு வாங்கியவர்கள் உட்கார்ந்திருக்கும் நீளமான நடை. தனகோட்டியின் இடது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. வலது கையைப் பின்னால் கொண்டுபோய்த் துணியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு கைக்கு எவ்வளவு துணி அடங்கும்? பாதி வழியில், சர்க்கரை டெஸ்டுக்கு வந்த ரங்கநாதன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னா தனகோட்டி, காத்து வாங்கிக்கினு போற?"

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

தனகோட்டி அதற்கு மேல் ஓரடியும் எடுத்து வைக்கவில்லை. திரும்பி வார்டுக்கு வந்தாள். ஊசியைத் தானே பிடுங்கிப் போட்டாள். புடவையைக் கட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சாயங்காலம் தையல் கூடத்திலிருந்து வந்த அன்புக்கரசி, அம்மா கட்டிலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றாள். நடந்ததையெல்லாம் அவள் அப்பா, நைனாதான் சொன்னார். தனகோட்டி சுவரைப் பார்த்தபடி இருந்தாள். கடைசியில் கேட்டாள்: "அந்தக் கவுனு நீ தச்சதுதானடி?"

"தெரியலம்மா. ஆறு பேரு தைக்கிறோம்."

"ஓரத்துல ரெண்டு தரம் திருப்பி ஓட்டியிருந்துது. அப்பிடி நீதான் ஓட்டுவ. தையலு நல்லாத்தான் இருந்துது. முதுகு வெக்கத்தான் மறந்துட்ட."

அதன் பிறகு மூன்று வாரம் ஓடியது. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. லோடு ஆட்டோ ஓட்டும் நைனா தனசேகரன், சவாரியை விட்டுவிட்டு வந்து கெஞ்சினார், கோபித்துக்கொண்டார், சாப்பிடாமல் படுத்தார். தனகோட்டி அசையவில்லை. உதடு வெளுத்துப்போய்விட்டது. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. "அந்த நடையில இன்னொருவாட்டி அப்பிடி நடக்க மாட்டேன். கட்டியோடவே எரிச்சிடுங்க" என்றாள். வெறும் பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை அவள். அது வீட்டிலிருந்த மற்ற இருவருக்கும் தெரியும்.

அன்புக்கரசி கணக்கு நோட்டை எடுத்தாள். இந்த முறை எழுதவில்லை, வரைந்தாள். முன்பக்கம் பழையபடியே இருக்கட்டும். பின்பக்கம் இரண்டு பாகம், ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும், புடவை முந்தானையைச் சுற்றிக் கொண்டுவருகிற மாதிரி. மேல் பாகம் முதுகு முழுக்கச் சுற்றி இடது விலாவுக்கு முன்னால் வந்து முடிய வேண்டும். போட்டிருக்கிறவளின் கைக்கு எட்டும் இடத்தில்தான் முடிச்சு. அடுத்தவர் வந்து முடிந்துவிட வேண்டிய சட்டை என்றால் அவிழ்ப்பதும் அவர்கள் இஷ்டம் என்று ஆகிவிடுகிறது. அதை அவள் வரிவரியாக யோசித்து எழுதவில்லை. பென்சிலால் அந்த முடிச்சை மூன்று முறை அழுத்தி வரைந்தாள், அவ்வளவுதான்.

மறுநாள் அவள் துணியைப் போட்டு வெட்டுவதை ஜெயஸ்ரீ பார்த்துவிட்டாள்.

"இன்னாடி இது, அளவு மாறுது?"

"கவுன்க்கா. வேற மாதிரி."

"அவங்க குடுத்த மாதிரிய தைக்கிறதுதான் நம்ம வேல. நீ இன்னா டாக்டருக்குப் படிச்சிருக்கியா?"

"இல்லக்கா. போட்டுக்கப் போறது எங்கம்மா."

ஜெயஸ்ரீ அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். இத்தனை மாதத்தில் அந்தப் பெண் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. "சாப்பாட்டு நேரத்துல ஓட்டிக்க. மிச்சத் துணியில மொதல்ல பாரு" என்றாள்.

முதல் கவுன் அழகாக வந்தது. அழகுதான் கெடுத்தது. ரவிக்கை தைத்துப் பழகிய கை. தோளில் இரண்டு பக்கமும் திறப்பு வைத்து, வரிசையாகக் கொக்கி வைத்துவிட்டாள். பதினோரு கொக்கி. உள்பக்கம் பட்டி கொடுத்து, வெளியே தெரியாதபடி. அதை மடித்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டுக்குப் பொறுப்பு ராஜாம்பாள் சிஸ்டர். ஐம்பது வயசு, நடக்கும்போதே கையெழுத்துப் போடுகிற வேகம். கவுனை வாங்கி விரித்தாள், தோளைத் தடவினாள், நிறுத்தினாள்.

"இது இன்னா, கொக்கியா?"

"ஆமாம் சிஸ்டர்."

"தியேட்டர்ல ரத்தம் நிக்கிறதுக்குக் கரண்ட்ல சுடுவாங்க, தெரியுமா? இரும்பு மேல பட்டுக்கினு இருந்தா அந்த எடம் வெந்துடும். உங்கம்மாவுக்கு மானத்தக் காப்பாத்தி, தோள சுட்டுடுவியா?"

அன்புக்கரசியின் காது சிவந்தது. பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட நாக்கு இங்கேயும் ஒட்டிக்கொண்டது. திரும்பிப் போயிருப்பாள். வாசல் வரைக்கும் போகவும் போனாள். அப்புறம் திரும்பி வந்து, மேஜைக்கு முன்னால் நின்று, நோட்டைப் பிரித்தாள்.

"வேற இன்னா கூடாது, சிஸ்டர்? எழுதிக்கிறேன்."

ராஜாம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நையாண்டியாகத்தான் ஆரம்பித்தாள். "எழுதிக்க. குளுக்கோஸ் ஏர்ற கைய கழட்டாம கவுன் மாத்தணும். நெஞ்சுல ஒயர் ஒட்டணும். முதுகுத்தண்டுல மயக்க ஊசி போடணும், அதுக்குத்தான் பின்னாடி தொறப்பு, புரியுதா? மூத்திர டியூப் தொங்கணும். சோடா போட்டுக் கொதிக்க வெச்சா சுருங்கக் கூடாது. ஆபத்துன்னா ஒரே இழுப்புல மொத்தமும் தொறந்துடணும். ஆவுமா உன்னால?"

அவள் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். "ஊசி முதுகுல எந்த எடத்துல போடுவாங்க?" என்று கேட்டாள். ராஜாம்பாள் சிரிப்பை நிறுத்திவிட்டு, அவளைத் திருப்பி நிற்கவைத்து, இடுப்புக்குச் சற்று மேலே விரலால் தொட்டுக் காட்டினாள். "இங்க. இம்மாம் எடம் போதும்."

ஒரு உள்ளங்கை அளவு! அந்த உள்ளங்கை அளவுக்காக அவள் இத்தனை நாளும் பிடரியிலிருந்து தொடை வரைக்கும் திறந்து தைத்துக் கொடுத்திருக்கிறாள்.

கொக்கி பதினொன்றையும் பிரித்தெறிந்தாள். தோளுக்குத் துணி நாடா. முதுகில் இரண்டு பாகமும் ஏறும் இடத்தில் சின்னதாக ஒரு திறப்பு விட்டு, அதன்மேல் கைக்குட்டை அளவுக்குத் துணியில் ஒரு மூடி தைத்தாள். தூக்கினால் ஊசி போடும் இடம் மட்டும் தெரியும். நெஞ்சில் பக்கவாட்டில் கை நுழைய வழி. துணியை வீட்டுச் சோற்றுக் குண்டானில் இரண்டு முறை சோடா போட்டுக் கொதிக்கவைத்துச் சுருங்க வேண்டியதையெல்லாம் சுருங்க வைத்துவிட்டாள்.

வீட்டில் தனகோட்டி அதை மோந்து பார்த்தாள். "இன்னாடி, துணி சோறு வடிச்ச நாத்தம் அடிக்குது?"

"போட்டுப் பாரும்மா."

போட்டாள். முடிச்சைத் தானே போட்டாள். நின்று பார்த்தாள், உட்கார்ந்து பார்த்தாள். மூச்சு வாங்க வாங்கக் குனிந்து, நாற்றுப் பிடுங்குகிற மாதிரி நின்றுகொண்டு, "தெரியுதா?" என்றாள்.

"தெரியல."

"உங்க நைனாவ கூப்புடு. நீ பொய் சொல்லுவ."

நைனா வந்து பார்த்தார். "இன்னா பாக்கணும்?" என்று விழித்தார். "அதான், ஒண்ணும் தெரியக் கூடாது" என்றாள் தனகோட்டி. "ஒண்ணும் தெரியலயே" என்று அவர் பயந்துபோய்ச் சொன்னார். கொஞ்ச நாளாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்புச் சத்தம் அன்று கேட்டது. "வெத்தல வெக்க ஒரு பை வெச்சிருக்கலாம்" என்றாள் தனகோட்டி. அதற்கு, போகச் சம்மதம் என்று அர்த்தம்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபரேஷன். எட்டரைக்குத் தைலம்மாள் பச்சைக் கவுனைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டாள். நைட்டியோடு உட்கார்ந்திருந்த தனகோட்டி தன் பையிலிருந்த கவுனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நான் இததான் போட்டுக்குவேன்."

"வூட்ல தச்ச சட்டையெல்லாம் இங்க ஆவாதும்மா. சிஸ்டர்!"

ராஜாம்பாள் வந்தாள். பார்த்ததும் புரிந்துகொண்டாள். "ஏய் பொண்ணு, நான் ஏதோ பேச்சுக்குச் சொன்னா நெஜமாவே தச்சு எடுத்துக்கினு வந்துட்டியா?"

"நீங்க சொன்னதெல்லாம் இருக்குது சிஸ்டர்" என்றாள் அன்புக்கரசி. குரல் கம்மலாகத்தான் வந்தது.

"இருக்கட்டும். இங்க ரூல்னு ஒண்ணு இருக்குது. டாக்டர் வந்துடுவாரு. மாத்தச் சொல்லு உங்கம்மாவ."

தனகோட்டி காலை மடக்கிக் கட்டிலில் சம்மணம் போட்டுக்கொண்டாள். "மாத்த மாட்டேன். அரசி, புடவைய எடு. பஸ்ஸு ஒம்பதேகாலுக்கு இருக்குது."

அன்புக்கரசி புடவையை எடுக்கவில்லை. இன்னொரு தடவை அந்த பஸ்ஸில் ஏறினால் அம்மா திரும்பி வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். எட்டுக் கட்டிலிலும் இருந்த பெண்கள் அவளையே பார்த்தார்கள். வகுப்பறையில் நின்ற மாதிரியே இருந்தது. ஆனால் இங்கே யாரும் சிரிக்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். அத்தனை பேரும் கட்டில் விளிம்பை ஒட்டி, பின்பக்கம் சுவரோடு அழுந்த, ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எழுந்தால் திறந்துகொள்ளும் என்பதால் யாரும் எழுவதில்லை.

"சோதிச்சுப் பாருங்க சிஸ்டர்" என்றாள். "எது ஆவலயோ சொல்லுங்க. இங்கயே பிரிச்சுத் தைக்கிறேன். ஊசி நூலு கொண்டாந்திருக்கேன்."

ராஜாம்பாள் கடிகாரத்தைப் பார்த்தாள். "பத்து நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் பச்சக் கவுனுதான்."

திரையை இழுத்தார்கள். தனகோட்டி கவுனை மாட்டி, இடது கையில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டாள். ராஜாம்பாள் தோள் நாடாவை உருவினாள். குளுக்கோஸ் கை அசையாமலே கவுன் கழன்று வந்தது. நெஞ்சில் ஒயரை ஒட்டிப் பார்த்தாள். கை நுழைந்தது, வெளியே ஒன்றும் தெரியவில்லை. முதுகை வளைத்து உட்காரச் சொல்லி மூடியைத் தூக்கினாள், இரண்டு விரலால் எலும்பை எண்ணினாள், மூடினாள். பிறகு பி.பி. பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றினாள். சட்டைக் கை இறுக்கிப் பிடித்தது. பட்டை மேலே ஏறவில்லை.

"பாத்தியா?" என்றாள். "இது ஆவல. தைலம்மா, பச்சக் கவுன எடு."

"இன்னும் பத்து நிமிஷம் ஆவல சிஸ்டர்" என்றாள் அன்புக்கரசி.

பையிலிருந்து பிளேடை எடுத்தாள். அம்மாவின் கை அதில் இருக்கும்போதே, அக்குள் தையலிலிருந்து முழங்கை வரைக்கும் சட்டைக் கையைச் சர்ரென்று பிரித்தாள். பையிலிருந்த துண்டுத் துணியைக் கிழித்து இரண்டு நாடாவாக்கித் தைத்துப் பொருத்தினாள். "இப்பப் பாருங்க" என்றாள்.

பட்டை ஏறியது. காற்று ஏறியது. "நூத்திப்பத்துக்கு எழுவது" என்றாள் ராஜாம்பாள் தன்னையறியாமல்.

திரைக்கு வெளியே தைலம்மாள் முணுமுணுத்தாள். "ஒருத்திக்கு இப்பிடிக் குடுத்தா, நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க சிஸ்டர்."

ராஜாம்பாள் அன்புக்கரசியைப் பார்த்தாள். "கேட்டியா? எல்லாரும் கேப்பாங்க. நான் இன்னா பதில் சொல்றது?"

"கேக்கட்டும் சிஸ்டர்" என்றாள் அன்புக்கரசி.

அது கம்மலாக வரவில்லை. வார்டு முழுக்கக் கேட்டது. அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. "கேக்கணும். நான் நாலு மாசமா நாப்பது நாப்பதா தச்சுக் குடுத்திருக்கேன். ஒருத்தர்கூட கேக்கல. கேட்டிருந்தா மொத நாளே மாத்தி தச்சிருப்பேன்."

"எனக்கும் ஒண்ணு குடுறீ, கண்ணு" என்றாள் அடுத்த கட்டில் குஞ்சம்மாள், பனமலையிலிருந்து குடலிறக்கத்துக்கு வந்தவள். "சாய்ந்தரம் ஸ்கேனுக்குப் போவச் சொல்லிக்கிறாங்க. எங்க மருமவன் அங்கதான் ஒக்காந்துக்கினு இருப்பாரு."

"எனக்கு" என்றது ஜன்னலோரக் கட்டில். "இங்கயும்" என்றது இன்னொன்று. ஒருத்தி பின்பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

ராஜாம்பாள் வரிசையாக எல்லாரையும் பார்த்தாள். இருபத்தாறு வருஷமாக அந்த நடையில் பெண்களை அனுப்பிக்கொண்டிருப்பவள். பச்சைக் கவுனைக் கட்டிலிலிருந்து எடுத்துத் தைலம்மாளின் கையில் திணித்தாள். "உள்ள போயி டாக்டருக்கு நான் சொல்லிக்கிறேன். ஆனா கேட்டுக்க பொண்ணு, தேவப்பட்டா கத்திரிச்சுடுவாங்க. உன்ன கேக்க மாட்டாங்க."

"கத்திரிக்கட்டும். வேற தைப்பேன்."

"வாயப் பாரு இதுக்கு" என்றாள் ராஜாம்பாள். "ஊமைனு இல்ல நெனச்சேன்."

தைலம்மாள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தனகோட்டி அதை ஒரு கையால் ஒதுக்கினாள். செருப்பை விட்டுவிட்டு, குளுக்கோஸ் கம்பத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முடிச்சை ஒருமுறை இழுத்து இறுக்கினாள்.

நடையில் கூட்டம். டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆண்கள், முழங்கால் நீட்டி, போனைப் பார்த்துக்கொண்டு. சிலர் நிமிர்ந்தார்கள். தனகோட்டி நடுவில் நடந்தாள். ரத்தம் போதாத உடம்பு, வேகம் இல்லை. ஆனால் வலது கை வரப்பில் நடக்கும்போது வீசுகிற மாதிரி வீசிக்கொண்டிருந்தது. எதையும் பிடித்துக்கொள்ள வேண்டிய அவசியம் அதற்கு இருக்கவில்லை. இரண்டடி பின்னால் அன்புக்கரசியும், அவளுக்குப் பின்னால் நைனாவும் போனார்கள்.

தியேட்டர் கதவருகில் நைனா கையை நீட்டினார். தனகோட்டி தாலிக் கயிற்றைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். மகளைப் பார்த்தாள். அன்புக்கரசி காத்திருந்தாள். அம்மா ஏதாவது சொல்வாள், ஒரு வசவு, ஒரு கேலி, கோழியை அடைக்கச் சொல்லி ஒரு கட்டளை. தனகோட்டி கம்பத்தைக் கை மாற்றிப் பிடித்தாள். கதவைத் தோளால் தள்ளினாள். காலியான கையால் முடிச்சை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.